குளக்கரைக்கு எடுத்துச் செல்லும் நீர்ச் சோதனைப் பை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் கற்பிக்கும் நான், நீரின் தரத்தைக் களத்திலேயே ஆராய்வதற்கென விற்கப்படும் ஒரு சோதனைப் பையைக் கடந்த ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். கரைந்த ஆக்சிஜன், பி.எச்., நைட்ரேட் ஆகியவற்றை அளக்கும் வினைப்பொருள்கள், வெப்பமானி, நீரின் தெளிவை அறிய ஆழத்தில் இறக்கிப் பார்க்கும், கயிற்றில் கட்டிய செக்கி தகடு, கைவலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கி, கையேடு ஆகியவை அதில் இருக்கின்றன. ஆறு மாணவர்களுக்கு ஒரு பை போதும் என்கிறது உறை மேல் உள்ள குறிப்பு. நான்கு பேருக்கு மேல் சேர்த்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் நேரும் என்பது என் அனுபவம்.

இந்தப் பையின் உயிர் ஆக்சிஜன் சோதனையில் இருக்கிறது. ஹங்கேரிய வேதியியலாளர் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறையையே மாணவர்களின் கைக்கு ஏற்றபடி சுருக்கித் தந்திருக்கிறார்கள். காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் குப்பியில் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தால், நீரில் ஆக்சிஜன் இருக்கும் அளவுக்குப் பழுப்பு நிற வீழ்படிவு திரண்டு இறங்குகிறது. பிறகு அமிலம் சேர்த்து அதைக் கரைத்து, நிறம் முற்றிலும் மறையும் வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒரு சொட்டு, லிட்டருக்கு அரை மில்லிகிராம் ஆக்சிஜனைக் குறிக்கும். முதல் களப்பணியின்போது குளத்தின் அடியிலிருந்து நீர் எடுத்த ஒரு மாணவி, "மிஸ், எங்க குப்பியில மருந்து வேலை செய்யல" என்று கவலையோடு வந்து நின்றாள். அவளுடைய குப்பியில் வீழ்படிவு ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. மேல்மட்ட நீரில் சோதித்த குழுவின் பழுப்புக் குப்பியை அதன் அருகில் வைத்து, இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே மீண்டும் ஒருமுறை அடிநீர் எடுக்கப் போய்விட்டாள். மூன்று முறை செய்தும் வெள்ளையே வந்தது. மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அடிநீரில்தான் ஆக்சிஜன் இல்லை. மின்னணு மானி ஒன்றை அவள் கையில் கொடுத்திருந்தால், ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

இவ்வளவு நல்ல கருவியோடு வரும் கையேட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில் உள்ள வண்ண அட்டை, ஆக்சிஜன் 8 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் 'மிகச் சிறந்த நீர்' என்று தீர்ப்பு வழங்குகிறது. பாசி மண்டிப் பச்சைப் பசேலென்று கிடந்த எங்கள் குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு 11 வந்தது. 30 டிகிரி செல்சியசில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும் என்பதால், அதைத் தாண்டிய அந்த அளவு, வெயிலில் பாசி நடத்திய ஒளிச்சேர்க்கையின் விளைவு. இரவு முழுவதும் அதே பாசியும் நுண்ணுயிர்களும் சுவாசித்துத் தீர்த்த பின், மறுநாள் விடியற்காலையில் அதே இடத்தில் 3 மட்டுமே இருந்தது. மீன்கள் மூச்சுத் திணறும் ஒரு குளத்துக்கு அட்டை முதல் மதிப்பெண் தருகிறது. பிற்பகலில் மட்டும் களத்துக்குச் செல்லும் பள்ளிகள் அதை அப்படியே நம்பிவிடும்.

நைட்ரேட் சோதனையில் உள்ள பிழை இன்னும் கடுமையானது. நிற ஒப்பீட்டு அட்டை, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு அளவைக் காட்டுகிறது. கையேடோ உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் வரம்பைத் தருகிறது, அது முழு நைட்ரேட் அயனிக்கானது. அட்டையின் எண்ணை 4.43-ஆல் பெருக்கினால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். குடிநீர்க் கிணறு ஒன்றில் 12 என்று கண்ட மாணவர்கள் நிம்மதியடைந்தார்கள். பெருக்கிப் பார்த்தபோது அது 53-ஐத் தொட்டது. கையேட்டில் இதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

செக்கி தகடு ஆழமான நீர்நிலைகளுக்கே பொருந்தும். இடுப்பளவு நீரில் அது தரையைத் தொட்ட பிறகும் தெளிவாகத் தெரிகிறது. கைவலையும் வெள்ளைத் தட்டும் குறையில்லாதவை: கலங்கிய சேற்றில் நெளிந்த சிவப்புப் புழுக்களைத் தட்டில் கண்டவர்கள், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பிழைக்க உதவும் ஹீமோகுளோபின்தான் அவற்றுக்கு அந்த நிறத்தைத் தருகிறது என்பதை இனி மறக்கமாட்டார்கள். பயன்படுத்திய கரைசல்களைச் சேர்த்துவைக்க ஒரு குப்பி தராதது பெரிய குறை. நீரைக் காக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் மாங்கனீசையும் அயோடைடையும் அதே குளத்தில் கொட்டிவிட்டு வரக் கூடாது. நாங்கள் மூடி இறுகிய ஒரு பழைய நெகிழிக் குப்பியைக் கொண்டுபோனோம்.

இத்தனை குறைகளோடும் இந்தப் பையை மற்ற ஆசிரியர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். வாங்கியவுடன் கையேட்டின் கடைசிப் பக்கத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். விடியற்காலையிலும் பிற்பகலிலும், மேலும் கீழும் எடுத்த அளவுகளைக் கொண்டு மாணவர்கள் தங்கள் குளத்துக்கான அட்டவணையைத் தாங்களே எழுதட்டும். எங்கள் வகுப்பின் அட்டவணையில் இப்போது பதினோரு மாத அளவுகள் இருக்கின்றன.