இலவச கம்ப்யூட்டர் ஹெல்த் செக்-அப் என்று சொல்லி 6,499 ரூபாய் பறித்துவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். "உங்கள் கம்ப்யூட்டரின் ஆரோக்கியத்தை ஒரே கிளிக்கில் பரிசோதியுங்கள், முற்றிலும் இலவசம்" என்று விளம்பரம் வருகிறதே, அந்த வகை சாப்ட்வேர் ஒன்றை நம்பி 6,499 ரூபாய் போய்விட்டது. பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயர்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பெயரை மட்டும் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும்.

நான் வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். சரியாக அந்த நேரத்தில் லேப்டாப் படுத்த ஆரம்பித்தது. கணக்கு எழுதும் டேலி மென்பொருளைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும், மவுஸ் கூட நகராது. அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இறக்கி ஓடவிட்டேன். முடிந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. 1,284 பிழைகளாம். ரெஜிஸ்ட்ரி பிழை, தனியுரிமை ஆபத்து, குப்பைக் கோப்புகள் என்று நீளமான பட்டியல். ஹார்ட் டிஸ்க் என்ற வரிக்கு மட்டும் பச்சை டிக், பக்கத்தில் "நன்று". இந்தப் பச்சை டிக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணிக்கையைப் பார்த்து நான் பணம் கட்டவில்லை. கீழே இருந்த எண்ணைக் கூப்பிட்டு, இதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். நல்ல பொறுமையான குரல். "அக்கா, எங்க சாப்ட்வேர நம்ப வேண்டாம். உங்க விண்டோஸே என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாக, உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. "பாத்தீங்களாக்கா, இது நாங்க எழுதினதில்ல" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. என் லேப்டாப்பே வாக்குமூலம் கொடுப்பது போல இருந்தது. கார்டு எண்ணைப் போட்டேன், ஓடிபி வந்தது, 6,499 ரூபாய் போனது.

அந்தச் சிவப்பு வட்டங்கள் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஏதாவது ஒரு சர்வீஸ் தொடங்கத் தாமதமானால் கூட விண்டோஸ் அதை எழுதி வைத்துக்கொள்ளும். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரிலும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். போனில் ஏமாற்றுகிறவர்கள் பல வருஷமாகச் செய்துவரும் வித்தை இது.

பணம் கட்டியதும் 1,284 பூஜ்யமானது, திரை பச்சையானது. லேப்டாப் மட்டும் அப்படியேதான் உறைந்து நின்றது. திரும்பக் கூப்பிட்டேன். "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், சீனியர் டெக்னீசியன் 48 மணி நேரத்துல கூப்பிடுவார்." பணம் கட்டும் வரை அக்கா, கட்டிய பிறகு மேடம். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி பேசினால் வேறு ஒருவர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "30 நாளில் முழுப் பணமும் திரும்ப" என்று அவர்கள் தளத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறதே என்று கேட்டால், "ஆக்டிவேட் ஆகாத பிளானுக்குத்தான் அது பொருந்தும்" என்கிறார்கள். அதை ஆக்டிவேட் செய்ததே அவர்கள் ஆள்தான். கடைசியில் ஒருவர், இது ஹார்டுவேர் கோளாறு மாதிரி இருக்கிறது, அதற்கு இன்னொரு பிளான் 2,999 ரூபாய் என்றார். அன்றைக்கே ஒரு மெயில்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பாளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் லேப்டாப் பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டார்கள், அதாவது தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகள். டிஸ்க் தன் நிலையைத் தானே ஸ்மார்ட் என்ற பதிவில் குறித்து வைத்திருக்கும், அதைப் படித்தாலே போதும் என்றார். ஆரோக்கியம் பார்க்கிறேன் என்று 6,499 ரூபாய் வாங்கியவன் அதைக்கூடப் படிக்கவில்லை. இல்லாத 1,284 நோயைச் சொல்லி, இருந்த ஒன்றுக்கு "நன்று" போட்டிருக்கிறான். இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் பத்துக் கடைகளின் கணக்கு போயிருக்கும்.

தம்பி புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். வேறு எதையும் நிறுவுவதற்கு முன்னால், அதே ஹெல்த் செக்-அப்பை ஓடவிடச் சொன்னேன். அதிலும் முந்நூற்றுச் சொச்சம் பிழை காட்டியது!

இது நம்மூர் சில்லறை ஏமாற்று மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் இலவச பிசி ஹெல்த் செக் செய்து கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்று தொடக்கத்தில் நாலு கேள்வி இருக்கும். ஒன்றுக்கு டிக் அடித்தாலே வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும், ஸ்கேனில் என்ன கிடைத்தாலும் சரி. அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசி வைத்த குற்றச்சாட்டு இது. 2019-இல் ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன.

என் 6,499 ரூபாய் இன்னும் வரவில்லை. ஓடிபி நீங்களே கொடுத்தது என்கிறது பேங்க், டிஸ்ப்யூட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் சொல்லியாகிவிட்டது.

அவசரமாகச் சிலது சொல்லிவிடுகிறேன். கார்டு கொடுத்திருந்தால் பேங்க் ஆப்பில் இ-மேண்டேட் (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) பட்டியலைப் பாருங்கள். வருஷாவருஷம் புதுப்பிக்க என் கார்டில் பதிந்து வைத்திருந்தார்கள். 15,000 ரூபாய் வரை அடுத்த முறை ஓடிபி கேட்காமலே எடுக்கலாம், ஒரு நாள் முன்னால் மெசேஜ் மட்டும் வரும். உடனே ரத்து செய்யுங்கள். எனிடெஸ்க்கை நீக்குங்கள், வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். சோதனைதான் வேண்டும் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டி உள்ளேயே இருக்கிறது, காசு கேட்காது. ஸ்கேன் முடிந்ததும் போன் எண் காட்டினால் அந்த எண்ணுக்குப் பேசவே பேசாதீர்கள்.