ஜேர்மன் சிப்பாயின் பெல்ட் பக்கிள்: இரும்பு நல்லது, விளம்பர வரி பிழை

பதினோராம் தரத்துக்கு இரண்டாம் உலகப் போர் படிப்பிக்கும்போது கையில் கொடுக்க ஒரு சாமான் இருந்தால் பின்வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஆசையில் இணையக் கடையொன்றில் எடுத்த பக்கிள் இது. 3,450 ரூபா, கூரியர் 450. ஐந்தாம் நாள் கல்லடி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நகல்தான். அசலைத் தேடி வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

இரும்புத் தகட்டில் அச்சடித்து, பாசி படிந்தது போன்ற சாம்பல் வர்ணம் பூசியிருக்கிறார்கள். நடுவில் வட்டம், அதற்குள் சுவஸ்திகாவைக் காலில் பிடித்த கழுகு, கழுகுக்கு மேலே வளைவாக 'கொட் மிற் உன்ஸ்'. ஆண்டவன் எங்களோடு என்று பொருள். எழுத்து விரலில் தட்டுப்படும் அளவுக்கு எழும்பி நிற்கிறது, அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் இது 45 மில்லிமீற்றர் பட்டிக்குச் செய்தது. கடைக்காரர் அதை எங்கும் எழுதவில்லை. எங்கட கடைகளில் விற்கிற பெல்ட் எல்லாம் அதைவிட ஒடுக்கம், போட்டால் ஆடுகிறது. கடைசியில் டவுனில் செருப்புத் தைக்கிற ஐயாவிடம் 800 ரூபாவுக்குத் தோல் வெட்டுவித்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் பறவை மனே?" என்றார்.

பெரிய குறை விளம்பர வரியில். 'நாசிக் கட்சி உறுப்பினரின் பெல்ட்' என்று போட்டிருக்கிறார்கள். இந்த வகைப் பக்கிள் தரைப்படைச் சாதாரண சிப்பாயின் இடுப்பில் இருந்தது. 'கொட் மிற் உன்ஸ்' என்ற வாசகம் பழைய ஜேர்மன் அரசான பிரஷ்யாவின் இராணுவச் சொத்து. முதலாம் உலகப் போரில் கழுகு இருக்கும் இடத்தில் கிரீடம் இருந்தது. ஹிட்லரின் நாசிக் கட்சியின் கழுகை இராணுவம் உடுப்பில் ஏற்றது 1934 பெப்ரவரியில்தான். கட்சியின் சொந்த ஆயுதப் படையான எஸ்.எஸ். காரனின் பக்கிளில் ஆண்டவன் பேச்சே கிடையாது, 'விசுவாசமே என் மானம்' என்று இருக்கும்.

1935 சட்டப்படி சீருடையில் இருக்கிறவனுக்கு அரசியல் கூடாது, வாக்கும் இல்லை. முன்பே கட்சியில் சேர்ந்திருந்தாலும் சேவை முடியும்வரை உறுப்புரிமை நிறுத்தி வைக்கப்படும். 1944 வரை இதுதான் நடைமுறை. போர்க்காலத்தில் படையில் இருந்தவர்கள் 1 கோடி 70 இலட்சத்துக்கு மேல், கட்சியில் பெண்களையும் சேர்த்தே 80 இலட்சம் சொச்சம். பின்வரிசையில் தங்கச் சரிகை மின்னத் திரிந்த கட்சிப் பெரியவர்களைச் சிப்பாய்கள் 'தங்கக் காட்டுக்கோழி' என்று நக்கலடித்தார்கள். ஹிட்லர்மேல் மட்டும் பலருக்கு வேறு மனம். கட்சிக்காரன் கள்ளன், தலைவர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிற நினைப்பு. இப்படிப்பட்ட கதை கேட்க மட்டக்களப்பில் இருந்து ஜேர்மனிக்குப் போகவும் தேவையில்லை.

ஜனாதிபதி ஹின்டன்பேர்க் செத்த 1934 ஓகஸ்ட் 2இலேயே சிப்பாய்களின் சத்தியப் பிரமாணமும் மாறியது. ஹிட்லர் என்ற ஆளின் பெயரைச் சொல்லி, நிபந்தனையில்லாத கீழ்ப்படிவு. ஆனால் கை நீட்டும் கட்சி வணக்கம் படை முழுவதுக்கும் கட்டாயமானது 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டுக்குப் பிறகு. அதுவரை பெரும்பாலும் பழைய சலியூட்தான்.

கட்சி அட்டை இல்லாததால் கை சுத்தம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாதென்று அடுத்த பாடத்தை முழுக்க அதற்கே ஒதுக்கினேன். ஜேர்மன் பிடியில் செத்த சோவியத் போர்க் கைதிகள் ஏறக்குறைய 30 இலட்சம். பெரும்பாலானவர்கள் இதே பக்கிள் கட்டிய இராணுவத்தின் காவலில் பட்டினியிலும் குளிரிலும் போனவர்கள். 'எல்லாம் கட்சிக்காரன் செய்தது' என்ற பேச்சு ஜேர்மனியில் எத்தனையோ வருஷம் ஓடியது. 1995இல் ஹம்பேர்க்கில் தொடங்கிய, இராணுவத்தின் குற்றங்களைப் பற்றிய கண்காட்சியில் சிப்பாய்களே எடுத்த படங்களையும் தொங்கவிட்டபோது நாடே சண்டை பிடித்தது.

பக்கிள் வாங்கு வாங்காகக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போனது. மண்டூரில் இருந்து வரும் ஒரு பெட்டை அதை உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தபடி, "டீச்சர், ஆண்டவனையும் கழுகையும் ஒண்டா கட்டினவன் ஆரை நம்பினவன்?" என்று கேட்டாள். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

விளம்பரத்தைத் திருத்தச் சொல்லிக் கடைக்கு இரண்டு தரம் எழுதினேன். 'ஓகே மிஸ்' என்று பதில் வந்தது. வரி இன்னும் அப்படியே கிடக்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குவதென்றால் பட்டியின் அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.