இரும்புப் படகா, மிதக்கும் வீடா?

தைத் தெப்பத்துக்கு மதுரை வந்திருந்தோம். வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் வடம் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சினன் ஆரம்பித்தான். அவனுக்கு ஆம்ஸ்டர்டாமில் வேலை கிடைத்திருக்கிறது. “மாமா, பழைய படகு ஒண்ணு வாங்கிக் குடியேறிடவா, இல்ல உங்கள மாதிரி மிதக்கிற வீடா?” நானும் அவன் அக்காவும் அங்கே படகில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, அதை விற்று மிதக்கும் வீட்டுக்குப் போனவர்கள். ஆக, நான் எந்தப் பக்கம் என்பது அவனுக்கும் தெரியும்.

அழகு படகுக்குத்தான். ஊர் நடுவே கால்வாயில் கிடக்கும், இறங்கினால் கடைத்தெரு. எங்கள் வீடு இருக்கும் ஐபர்க் பகுதியோ ஆம்ஸ்டர்டாமின் ஓரத்தில். நிறுத்த அனுமதி பெற்ற இடம் இரண்டுக்குமே வேண்டும். அது இல்லாத படகு வெறும் இரும்பு.

ஆனால் வினை அந்த இரும்பில்தான். எங்களுடையது பழைய சரக்குப் படகு. நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை பட்டறைக்கு இழுத்துப்போய்க் கரையேற்றி அடித்தகட்டைச் சோதிக்காவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. எஞ்சினைக் கழற்றியிருந்ததால் இழுவைப் படகுக்குத் தனி வாடகை. பட்டறைக்காரர் பாசியைச் சுரண்டிவிட்டு, மானாமதுரைப் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மந்தமாகக் கேட்ட இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு கருவி வைத்துத் தடிமன் அளந்தார். பதினொரு வட்டம்! ஒவ்வொன்றின் மேலும் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். தீப்பொறிக்குப் பயந்து உள்ளே கட்டில், மரப்பலகை, குளிருக்காகச் சுவரில் வைத்த பஞ்சு எல்லாவற்றையும் பிரித்தோம். ஒரு வாரம் ஏணியில் ஏறி இறங்கிக் குடித்தனம். அந்தப் பில்லில் இங்கே ஒரு மாடியே எடுத்திருக்கலாம்.

மிதக்கும் வீட்டுக்கு அடியில் இருப்பது காங்கிரீட் தொட்டி. அரை மாடி தண்ணீருக்குள், படுக்கையறை அங்கேதான். துருப்பிடிக்கத் தகடு இல்லை, கரையேற்றும் வேலையும் இல்லை. தண்ணீருக்குள் நட்ட தூண்களில் வீட்டை வளையத்தால் மாட்டியிருப்பதால் தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும், இறங்கினால் இறங்கும். எங்கள் பகுதி வீடுகளைப் பட்டறையில் கட்டி, படகுகள் கடந்துபோகும் கால்வாய் மதகுகள் வழியாக இழுத்து வந்தார்கள். மதகுக்குள் நுழைய வேண்டுமே, அதனால் அகலம் சுமார் ஆறரை மீட்டரோடு சரி.

தொந்தரவே இல்லையா என்றால், உண்டு. பெரிய அலமாரியைச் சமையலறைப் பக்கம் வைத்த அன்று தோசைக்கல்லில் எண்ணெய் ஒரே ஓரமாக ஓடியது. வீடு சாய்ந்திருக்கிறது! அலமாரியை எதிர்ப்பக்கம் நகர்த்தியபின்தான் தோசை வட்டமாக வந்தது. குடிபோய் ஆறு வருஷம்தான் ஆகிறது. காங்கிரீட் முப்பது வருஷம் தாங்குமா என்று கேட்டால் அனுபவத்தில் சொல்ல முடியாது.

இவ்வளவு சொல்லியும் மாப்பிள்ளை போனில் படகுப் படங்களையே தள்ளிக்கொண்டிருந்தான். “சரி மாப்ளே, கடைசியாக் கரையேத்தி அளந்த அறிக்கையை முதல்ல கேளு. தரலைன்னா, அவங்க குடுக்கிற காப்பியக் கூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துரு” என்றேன்.