கந்தோருக்கு ஓடிய சைக்கிளில் தீவகம் போகலாமா?

கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாண நகரத்திலுள்ள கந்தோருக்கு 22 ஆண்டுகள் நான் ஓடியது ஒரே சைக்கிள்: கறுப்பு லுமாலா, 28 அங்குலச் சில்லு, பின்னால் இரும்புக் கரியர். ஓய்வு பெற்ற பின்னரும் காலையில் கால்கள் தாமாகவே மிதியைத் தேடின. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. உலாவுக்கென்றே ஓடத் தொடங்கியதும் பழையதையே வைத்திருப்பதா, புதிதாக ஒன்று வாங்குவதா என்ற கேள்வி வந்தது. கடைகளில் கிடைப்பவை மூன்று வகை: தடித்த ரயருள்ள மலைச் சைக்கிள், ஒல்லி ரயருள்ள ரேசிங் சைக்கிள், இரண்டுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட். என்னுடையதோடு சேர்த்து நான்கு.

கியர் என்பது மேடு ஏறுவதற்கு என்றே பலரும் எண்ணுகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் தட்டைத் தரை. நல்லூரிலிருந்து கீரிமலை வரை போனாலும் மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் இல்லை. ஆகவே இங்கே கியர் வீண் செலவு என்று நானும் நெடுநாள் வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் காங்கேசன்துறை வீதியில் மட்டும் செல்லும். இருபுறமும் மதிலும் வேலியும் கடைகளும் நிற்கும் வீதியில் ஐந்து கிலோமீற்றர் ஓடுபவருக்குக் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது. நகரத்திலிருந்து தீவகத்துக்கு, அதாவது மேற்கேயுள்ள தீவுகளுக்கு, போகும் பண்ணைப் பாலத்தைக் கடந்து, இருபுறமும் கடல் விரிந்த தெருவில் ஆனி மாதத்துச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும்போதுதான் நம்முடைய மேடு எது என்பது விளங்கும்.

கணக்கைப் பார்ப்போம். என் சைக்கிளின் முன் பற்சில்லில் 44 பற்கள், பின்னதில் 18. மிதி ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தால் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. காற்றில்லாத காலையில் இதைவிடப் பொருத்தமான ஒற்றைக் கியர் கிடையாது. எதிர்காற்றில் வேகம் பத்தாகக் குறையும்போது அதே கியரில் நிமிடத்துக்கு 30 சுற்றுத்தான் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்கால் முழுப் பாரத்தையும் வாங்க வேண்டும். கியர் இருந்தாலும் மெதுவாகத்தான் போவோம், ஆனால் கால் தன் வழக்கமான சுழற்சியில் சுற்றும். காற்றின் தடை அதன் சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். நிமிர்ந்து உட்கார வைக்கும் பழைய ஹாண்டில் அதை மேலும் கூட்டுகிறது. அதே நிமிர்வு ஒழுங்கைக்குள் வரமென்பதையும் சொல்ல வேண்டும்: வேலிக்கு மேலால் வளவு தெரியும், எதிரில் வருபவரின் முகம் தெரியும்.

மலைச் சைக்கிளைப் பற்றி என் முடிவு கடுமையானது. இளைஞர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். நமக்கு மிகக் குறைவாகப் பொருந்துவதும் இதுதான். முட்கள் போலப் புடைத்த ரயர் சேற்றுக்கும் சரளைக்கும் உரியது. தார் வீதியில் அது உறுமிக்கொண்டு உழைப்பைத் தின்னும். முன் கவையிலுள்ள சுருள்வில் மிதிக்கும் விசையில் ஒரு பங்கை ஏறி இறங்குவதிலேயே செலவிடும், உப்புக் காற்றில் துருவும் பிடிக்கும். ரேசிங் சைக்கிளைச் சுருக்கமாகவே முடிக்கலாம்: வேகத்தில் அதற்கு இணையில்லை, ஆனால் நெருஞ்சி முள்ளும் பனை மட்டைக் கருக்கும் கிடக்கும் ஊரில் ஒல்லி ரயரை நம்பி ஒழுங்கைக்குள் இறங்க எனக்குத் துணிவில்லை.

எஞ்சுபவை ஹைப்ரிட்டும் பழையதும். 35 மில்லிமீற்றர் அளவு அகலமான வழுவழுப்பான ரயர், சற்றே முன்சாய்ந்த இருக்கை, ஏழெட்டுக் கியர்கள் ஆகியவை ஹைப்ரிட்டின் பலம். எடைக் குறைவையும் கடைக்காரர் தூக்கிக் காட்டுவார். தட்டைத் தரையில் அது பெரும்பாலும் புறப்படும் கணத்தில்தான் உதவும் என்பதால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பழையதன் பலம் வேறு. செயின் கவரும் மட்கார்டும் உடுப்பைக் காக்கும். எந்தச் சந்தியில் காற்றுப் போனாலும் ஒட்டுப் போட ஆளிருக்கும். ஊர்க் கடைப் பம்பின் வாய் அதன் வால்வுக்கென்றே செய்தது போலப் பொருந்தும். கியர் மாற்றி கோணிப்போனால் புங்குடுதீவில் அதை நிமிர்த்த யாரைத் தேடுவது?

பயணத்தின் ஒழுங்கும் மாறுகிறது. கந்தோருக்குப் போகிறவருக்குத் திசையைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லை. உலாப் போகிறவர் காற்றைக் கேட்டுத் திசையைத் தெரிவுசெய்யலாம். போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது பின்காற்று என்பதே விதி. சோளகக் காலத்தில் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று தென்மேற்கே போவது நல்லது. வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மார்கழி, தையில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாக வடகிழக்கே பருத்தித்துறைக்குப் போகலாம். வல்லை வெளியில் மரமும் மதிலும் இல்லாத அந்தத் துண்டு காற்றை முழுதாகத் தரும், திரும்பும்போது அதே வெளி நம்மைத் தள்ளிக்கொண்டு வரும். எந்தப் பருவமானாலும் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்.

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் மிதியைச் சுற்றி டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். 2022இல் பெற்றோல் இல்லாதபோதும் சைக்கிளுக்கே திரும்பினோம். சைக்கிள் என்றாலே தேவை என்று பழகிய ஊரில், “எங்க போட்டு வாறியள்?” என்று கேட்பவரிடம் “சும்மா” என்று சொல்வதற்கு எனக்கே சில மாதங்கள் பிடித்தன.

நான் செய்தது இதுதான். லுமாலாவின் பின் பற்சில்லை 18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு மாற்றினேன். மிதி இலேசாயிற்று, செலவும் மிகச் சிறிது. வலிகாமத்து ஒழுங்கைகளுக்கும் சந்தைக்கும் அதுவே போதும். தீவகத்துக்கும் பருத்தித்துறைப் பக்கமான வடமராட்சிக்கும் மாதம் இருமுறையாவது போக நினைப்பவர் ஹைப்ரிட் வாங்கலாம். வாங்கும்போதே மட்கார்ட், மணி, விளக்கு மூன்றையும் பூட்டச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல கடைகளில் அவை இல்லாமலே வண்டியைத் தந்துவிடுகிறார்கள். பண்ணைப் பக்கம் போய் வந்த அன்றே செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். பழைய சைக்கிள் ஒரு வாரம் பொறுக்கும், புதியது பொறுக்காது.