ஸ்பிண்டில் பாதி தொலைந்த மில்லிங் மிஷினும் கணபதி பட்டறையும்

சோமனூரில் விசைத்தறி உதிரி பாகங்கள் செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. போன வருடம், மூடிக் கிடந்த ஒரு நூற்பாலையின் மெயின்டனன்ஸ் ஷெட்டிலிருந்து பழைய கிடைமட்ட மில்லிங் மிஷின் ஒன்றை எடைக்கு வாங்கினேன். எச்.எம்.டி. கம்பெனி மிஷின் என்று விற்றவர் சொன்னார், ஆனால் பெயர்த்தகடே இல்லை. மேஜையும் பெட்டும் அருமையாக இருந்தன, கையால் சுரண்டிச் சமப்படுத்திய ஸ்கிரேப்பிங் தடம்கூட அழியவில்லை. கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத்தான் யாரோ கழற்றிப் பாதியில் விட்டிருந்தார்கள். கட்டர் மாட்டும் தண்டான ஆர்பரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி, அதாவது டிராபார், இல்லை. ஸ்பிண்டிலின் முன்முனையான மூக்கில், ஆர்பரைச் சேர்த்துச் சுழற்ற இருக்க வேண்டிய இரண்டு டிரைவ் கீயில் ஒன்றைக் காணோம். முன் பேரிங்கின் லாக் நட்டும், பேரிங்குக்கும் தண்டின் தோளுக்கும் நடுவே உட்காரும் ஸ்பேசர் ரிங்கும் போய்விட்டன.

முதலில் பக்கத்திலேயே ஒருவரிடம் டிராபார் மட்டும் செய்து வாங்கினேன். இரண்டு சுற்று ஏறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. என் ஆர்பரில் எம்16 மரை, பிட்ச் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம்) 2 மி.மீ. அவர் வெட்டியது 5/8 அங்குல மரை, அங்குலத்துக்கு 11 புரி. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் பலமாக முறுக்கியிருந்தால் ஆர்பரே வீணாகியிருக்கும். ஆர்பர் உட்காரும் ஐஎஸ்ஓ 40 கூம்பில் 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. குறைகிறது. இவ்வளவு சரிவான கூம்பு சரிவு குறைந்த மோர்ஸ் டேப்பர் கூம்பு மாதிரி தானாகக் கவ்வாது, டிராபார் இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். அதில் மரை தப்பினால் கட்டர் ஓடும்போது என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பிறகுதான் ஒரு நண்பர் கோவை கணபதியில் இருக்கும் இந்தப் பட்டறையைச் சொன்னார். போர்டு கிடையாது. ஒரு லேத், ஒரு சிலிண்டிரிகல் கிரைண்டர், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், அவ்வளவுதான். அந்த அண்ணன் என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. "ஆர்பரைக் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே டிராபாருக்குக் கம்பி எடுத்தார். இருந்த ஒரு கீயைக் கழற்றி அளந்தார், 15.9 மி.மீ. இன்னொன்றைப் புதிதாகச் செய்து ஹார்டனிங் கொடுத்து, இரண்டையும் ஒரே அளவுக்குச் சாணை பிடித்தார். ஒன்று தடிப்பாக இருந்தால் முழு பாரமும் அதன் மேலேயே விழும் என்பது அவர் காரணம்.

நான் இந்த விமர்சனத்தை எழுதுவதே அந்த ஸ்பேசர் ரிங்குக்காகத்தான். முன்னால் இருப்பது இரட்டை வரிசை உருளை பேரிங், உள்துளை 1:12 கூம்பு. கூம்பில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உள்வளையம் விரியும், உருளைகளின் ஆட்டம் குறையும். எங்கே நிற்க வேண்டும் என்பதை ரிங்கின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. பழைய ரிங் இல்லாததால் அளவு யாருக்கும் தெரியாது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூருக்கே வந்து, மிஷினில் பேரிங் உட்காரும் துளையை அளந்தார். பட்டறைக்குப் போய் ரிங் இல்லாமலே பேரிங்கைக் கூம்பில் ஏற்றி, ஆட்டம் சரியாக வந்த இடத்தில் நிறுத்தி, தோளுக்கு உள்ள இடைவெளியை நாலு பக்கமும் ஸ்லிப் கேஜால் (துல்லியத் தடிமன் கொண்ட அளவுக் கட்டைகள்) பார்த்தார். 0.12 மி.மீ. ஏறினால் கணக்குப்படி 10 மைக்ரான் (0.01 மி.மீ.) விரிய வேண்டும். தண்டு பொள்ளலாக இருப்பதால் அது கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும், அதற்கும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்றார். ரிங்கை மூன்று தடவை தேய்த்து, மூன்று தடவை மாட்டிப் பார்த்தார். லாக் நட்டின் முகத்தையும் மரையையும் ஒரே பிடியில் முடித்தார், முகம் சாய்ந்தால் பேரிங்கும் சாயும் என்பதால்.

மாட்டிய பிறகு, ஸ்பிண்டில் சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க என் கண் முன்னால் டயல் கேஜ் வைத்தார். மூக்கருகே 5 மைக்ரான், மூக்கில் மாட்டிய 300 மி.மீ. சோதனைத் தண்டின் (டெஸ்ட் மேண்ட்ரல்) முனையில் 15. குறைந்த வேகத்தில் தொடங்கி மூன்று மணி நேரம் ஓட்டியும் முன் பேரிங் பக்கம் கை வைக்கும் சூடுதான். இப்போது அதே மிஷினில் கியர் வெட்டுகிறேன்; முகத்தில் அலை இல்லை.

குறையும் உண்டு. மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பேரிங் நாமே வாங்கித் தர வேண்டும். கூலி மட்டும் 22,000 ரூபாய். அந்த ரிங்குக்கே இது தகும் என்பேன். அதன் விளிம்பில் தடிமனை 8.37 என்று எலக்ட்ரிக் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறார், அடுத்துக் கழற்றுகிறவர் தேடக் கூடாது என்று.

போகிறவர்கள் ஆர்பர், மிச்சமிருக்கும் கீ, பழைய நட்டு, உடைந்த துண்டாக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சனிக்கிழமை காலையில் போனால் ஆள் இருப்பார்.