ஸேயா, டெல்லா?

தமிழில் 'சொல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அதை ஸே, டெல் என்று இரண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நாம் தடுக்கி விழுவது இங்கேதான்.

என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம் என்றால் ஸே. யாரிடம் என்பதும் சேர்ந்தால் பெரும்பாலும் டெல். யாரிடம் சொன்னோமோ அவர் டெல்லை ஒட்டியே வருவார், நடுவில் 'டு' கூடாது. 'ஹி டோல்ட் மீ' சரி, 'ஹி டோல்ட் டு மீ' தவறு. ஸே அப்படியே தலைகீழ்: 'ஹி ஸெட் டு மீ'. நம் 'என்னிடம்' என்பதில் இருக்கும் 'இடம்'தான் டெல்லுக்கும் அந்த 'டு'வை இழுத்து வருகிறது என்பது என் சந்தேகம்.

'காத்திருக்கச் சொல்' என்று ஏவுவதற்கும் டெல்தான்: 'டெல் ஹிம் டு வெயிட்'. வாயில்லாத கடிகாரமும் அறிவிப்புப் பலகையும் பேசினால் ஸே.

அப்புறம், பொய், உண்மை, ஜோக், கதை எல்லாம் டெல் பக்கம். ஹலோவும் சாரியும் ஸே பக்கம். இதற்கு விதி தேட வேண்டாம், மனப்பாடம்தான்.

டெல்லுக்கு 'எண்ணு' என்ற பழைய பொருளும் உண்டு. வங்கியில் பணம் எண்ணுபவர் 'டெல்லர்' ஆனது அப்படித்தான்.