குடும்ப மரம்: பொதுத்தளமா, சொந்தக் கோப்பா?

எங்கள் பங்காளிகளின் ஏழு தலைமுறைப் பெயர்களைத் தொகுக்கத் தொடங்கியபோது இரண்டு வழிகள் இருந்தன. ஃபேமிலிசெர்ச், ஜெனி போன்ற தளங்களில் உலகத்தார் அனைவரும் சேர்ந்து வளர்க்கும் ஒரே பொதுமரத்தில் எங்கள் கிளையையும் பதிவது ஒன்று; கிராம்ப்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் எங்களுக்கென்று ஒரு கோப்பை வைத்துக்கொண்டு உறவினர்களுக்கு அனுப்புவது மற்றொன்று. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பின் கிராம்ப்ஸுடன் தங்கிவிட்டேன்.

பொதுமரத்தின் வசதிகள் வெளிப்படையானவை. கைப்பேசியே போதும், ஈப்போவில் இருப்பவரும் காரைக்குடியில் இருப்பவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கலாம், ஃபேமிலிசெர்ச்சில் கட்டணமும் கிடையாது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பெயர். எங்களைப் போன்ற நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மூத்த மகனுக்கு, அப்பச்சியை (தந்தையை) பெற்ற ஐயாவின் (பாட்டனாரின்) பெயரை இடுவது வழக்கம். இதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருகிறது. தந்தை பெயரும் அவ்வாறே திரும்புவதால் ஐயாவுக்கும் பேரனுக்கும் முன்னெழுத்துகூட ஒன்றாகிவிடுகிறது. உடன்பிறந்த மூவரும் தம் மூத்த மகனுக்கு அதே பெயரை இட்டிருந்தால், ஒரே காலத்தில் ஒரே பெயருடன் மூன்று பேர் வாழ்ந்திருப்பார்கள். நகரத்தார் ஒன்பது கோவில் பிரிவினர்; அவற்றுள் எந்தக் கோவில் என்பது அயலாரைப் பிரித்துக் காட்டுமே தவிர, கோவிலும் ஊரும் ஒன்றாகவே உள்ள பங்காளிகளைப் பிரித்துக் காட்டாது. பழைய தலைமுறையினருக்குப் பிறந்த ஆண்டும் பெரும்பாலும் தெரிவதில்லை.

இத்தகைய குடும்பத்தைப் பொதுமரத்தில் வைத்தால், இருவரை ஒருவராக இணைத்துவிடும் பிழை ஓயாமல் நேரும். அப்படிப்பட்ட தளம் ஒன்றில், நாங்கள் அறியாத உறவினர் ஒருவர் நல்லெண்ணத்துடனேயே ஒரு ஐயாவையும் அவர் பேரனையும் இணைத்துவிட, இடையில் இருந்த தலைமுறை இடம் தவறி, மாமியாரும் மருமகளின் மருமகளும் ஒருவருக்கே மனைவியராகக் காட்சியளித்தார்கள். மாற்ற வரலாற்றைக் கொண்டு சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. நான்கு மாதம் கழித்து வேறொருவர் அதையே திரும்பச் செய்தார்.

பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். பெற்ற வீடு, கூட்டிக்கொண்ட வீடு இரண்டையும் காட்ட இருவகை மரத்திலும் இடமுண்டு. எனினும் வழக்கம் அறியாதவர் ஒருவர் பொதுமரத்தில் இரண்டு தந்தையரைக் கண்டால், ஒருவரைப் பிழையென்று நீக்கிவிடக்கூடும்.

கிராம்ப்ஸில் கோப்பை வைத்திருப்பவரைத் தவிர வேறு எவரும் இணைக்கவோ நீக்கவோ முடியாது. உறவினர்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து இசைகுடிமானத்தை (திருமணத்தின்போது எழுதப்படும் ஒப்பந்த ஏட்டை) படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்; அந்தத் திருமணத்துக்குச் சான்றாக அதை இணைத்துவிட்டு, எந்தப் பெயர் எந்த ஏட்டிலிருந்து வந்தது என்பதையும் குறித்துவைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உயிரோடிருப்பவர்களின் விவரங்களை விலக்கிய படியொன்றை எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

இதன் குறை, எல்லாம் ஒருவர் தோளில் நிற்பதுதான். நான் ஓய்ந்தால் மரமும் ஓய்ந்துவிடும் என்பதால், மூலக்கோப்பை இரண்டு பங்காளிகளிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். கொடுக்கும்போது கிராம்ப்ஸின் சொந்த வடிவத்தில் கொடுப்பது நல்லது. பெரும்பாலான குடும்ப மர மென்பொருள்கள் படிக்கும் கெட்காம் வடிவத்துக்கு மாற்றினால் சில குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. பலர் சேர்ந்து எழுதுவதற்கான கிராம்ப்ஸ் வெப்பை நான்கு பேராகச் சில மாதங்களே பயன்படுத்தியிருப்பதால், நாற்பது பேர் எழுதினால் அது எப்படித் தாங்கும் என்று உறுதி கூற இயலாது. குடும்பப் பெயரும் தேவாலயப் பதிவேடும் உள்ள குடும்பங்களுக்குப் பொதுமரமே ஏற்றதாக இருக்கலாம்.

பொதுமரத்தை நான் அடியோடு விட்டுவிடவுமில்லை. மூத்த பாட்டனார் ஒருவரையும் அவருடைய மூன்று ஆண்மக்களையும் மட்டும், ஊரும் கோவிலும் குறித்து அங்கே வைத்திருக்கிறேன். 1942இல் பர்மாவிலிருந்து திரும்பியபோது தொடர்பு விட்டுப்போன ஒரு கிளையினர் அதைப் பார்த்துத்தான் சென்ற ஆண்டு எழுதினார்கள். அவர்களிடமிருந்து வந்த இசைகுடிமானப் படியால், ஒரே பெயரில் மயங்கிக் கிடந்த இருவரில் ரங்கூனுக்குச் சென்றவர் யார் என்பது தெளிவாயிற்று.